தலைகீழாக நின்ற சம்பந்தி

எங்கள் முதலாளி லிங்கசாமி அண்ணனுக்கு வெட்டுமேசைக்குக் கீழே துண்டுத் துணி விழுந்து கிடந்தால் சோறு இறங்காது. பனியன் கம்பெனிக்குள் நுழைந்ததும் அவர் பார்ப்பது ஆட்களை அல்ல, மேசைக்கு அடியில்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு கிடந்தாலும் குனிந்து எடுத்து, நீவி, "இதுல ஒரு கொழந்தைக்கு பாக்கெட் வெச்சிருக்கலாமுங்களே" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். எங்கள் பக்கத்தில் திட்டுவதையும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். அதனால் வலி குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் சித்ராதேவி, அங்கே மெர்ச்சண்டைசர். துணி கேட்கும் கம்பெனிக்கும் தைத்துக் கொடுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் உத்தியோகம். எனக்குக் கோபம் கொஞ்சம் முன்னால் வரும், வார்த்தை அதற்கும் முன்னால் வந்துவிடும். அண்ணன் என்னை இன்னும் வேலையில் வைத்திருப்பதற்குக் காரணம், அவரிடம் சொல்லப் பயப்படுவதை எல்லாம் மற்றவர்கள் என் வாயால் சொல்ல வைப்பதுதான்.

இடத்தை வீணாக்காத இந்தக் குணத்தால்தான் அண்ணனுக்கும் அவருடைய வெள்ளகோவில் சம்பந்திக்கும் பேச்சு நின்றுபோனது. அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோனபோது வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார். உறவுக்காரர் அத்தனை பேர் முகமும் அதில் வந்தாக வேண்டும். எங்கள் கம்பெனி டிசைனர் சரவணக்குமாரைக் கூப்பிட்டு, "எடம் வேஸ்ட் ஆகாம அடுக்குப்பா" என்றார். அவனும் செங்கல் அடுக்குகிற மாதிரி அடுக்கிவிட்டான். மருமகள் ஜனனியின் அப்பா, தறி ஓட்டுகிற பெரிய மனிதர், கடைசி வரிசையின் மூலையில் போய்ச் சேர்ந்தார். அந்த மூலைக்கு முன்னால்தான் குடிதண்ணீர் டிரம்மை வைத்தார்கள். விசேஷத்துக்கு வந்த சம்பந்தி போர்டு முழுக்கத் தன் முகத்தைத் தேடி, கடைசியில் டிரம்மை நகர்த்திப் பார்த்திருக்கிறார். பந்தியில் உட்காராமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இப்போது பேத்தி தேஜஸ்ரீக்குக் காது குத்த வேண்டும். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். தாய்மாமன் யார்? அந்தச் சம்பந்தியின் மகன். "நேர்ல ஊட்டுக்கு வந்து கூப்பிட்டா வர்றோமுங்க. இல்லீன்னா அந்த டிரம்மு மேலயே உக்கார வெச்சுக் குத்திக்கச் சொல்லுங்க" என்று வெள்ளகோவிலில் இருந்து தகவல் வந்தது.

"நா எதுக்குப் போகோணும்? போட்டோவ மூலையில போட்டது நானா?" என்று அண்ணன் முறுக்கிக்கொண்டார். நாள் குறித்தாகிவிட்டது. தாய்மாமன்தான் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் வார்லி ஆர்டர் வந்தது.

மும்பையில் குழந்தைகள் உடுப்பு விற்கும் ஒரு கம்பெனி. பழங்குடி ஓவியங்களைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி, ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் ஓவியரைப் பிடித்து, அவர் படத்தைத் துணியில் அச்சடித்து, பெயரையும் முகத்தையும் அட்டையில் போட்டு விற்பார்கள். இந்த முறை மகாராஷ்டிரத்தில் இருந்து சகுபாய் என்கிற வார்லி ஓவியர். செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவு வெள்ளையில் வரைவார்களே, இரண்டு முக்கோணம் சேர்ந்தால் உடம்பு, ஒரு புள்ளி வட்டம் தலை, குச்சிக் கை, குச்சிக் கால், அந்த ஓவியம். சகுபாய் அனுப்பிய படத்தில் ஒரு பெரிய வட்டமாக ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடினார்கள். நடுவில் ஒருவர் சுரைக்குடுவை பொருத்திய நீளமான ஊதல் ஒன்றை ஊதிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர் கால் தானாகத் தாளம் போடும். மும்பைக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். அச்சடித்த துணியை சகுபாய் நேரில் வந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் தைக்க வேண்டும்.

வட்டத்தைப் பார்த்ததுமே அண்ணன் முகம் சுருங்கியது. "ஏனுங்க அம்முணி, வட்டத்தப் போட்டா நாலு மூலையிலும் எடம் சும்மா கெடக்குமே."

சரவணக்குமார் வந்தான். கம்ப்யூட்டரில் அந்த வட்டத்தை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகக் கத்தரித்து, நீட்டி, மாறி மாறி வரும் நேர்வரிசைகள் ஆக்கினான். ஊதல்காரரைத் தூக்கி இரண்டு பேருக்கு நடுவில் செருகினான். ஆட்டக்காரர்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோல நின்றார்கள். அது போதாதென்று ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைத் தலைகீழாகத் திருப்பினான்.

இது எங்கள் தொழிலில் வழக்கம்தான். டி-சர்ட் வெட்டும்போது ஓர் உடம்புத் துண்டை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் போட்டால்தான் இடுக்கில் துணி மிச்சமாகும். படம் ஒரே பக்கம் பார்த்து நின்றால் அப்படித் திருப்ப முடியாது. அதனால் பூவோ இலையோ, பாதியை மேலே பார்க்கவும் பாதியைக் கீழே பார்க்கவும் அச்சடித்துவிடுவோம். 'டூ வே' என்று பெயர். பூ தலைகீழாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"அண்ணா, மனுசங்க தலகீழா நிக்கறாங்களே!" என்றேன்.

"சட்டையப் போட்டுக்கிட்டு ஓடற கொழந்தைய யாருங்க நிறுத்தி வெச்சுப் பாக்கப் போறாங்க?"

சகுபாய் வருவதற்கு நாள் இருந்தது. அச்சு யூனிட்டில் மெஷின் காலியாக இருந்தது. "எப்படியும் ஓகே ஆயிருமுங்க" என்று மொத்தத் துணியையும் ஓட்டிவிட்டார். ஓகே ஆகும் முன்பே ஓட்டுவதை இந்த ஊரில் தைரியம் என்பார்கள். ஓகே ஆகாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

சகுபாய் வந்து சேர்ந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, பச்சைச் சேலை, வாய் நிறையச் சிரிப்பு. வெளிநாடுகளில் போய்ப் பள்ளிக்கூடச் சுவர் எல்லாம் வரைந்துவிட்டு வந்தவர், கோயம்புத்தூர் விமானத்தில் கொடுத்த ரொட்டி காய்ந்துபோயிருந்தது என்று என்னிடம் புகார் சொல்லிக்கொண்டே காரில் வந்தார். என் இந்தி, தையல் பிரிவில் இருக்கும் பீகார்க்காரர்களிடம் கற்றது. பாதி 'சீக்கிரம்', மீதி வசவு. அவருக்கும் இந்தி சொந்த மொழி இல்லை. இரண்டு நொண்டி இந்தியும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நன்றாகவே நடந்தன.

சாம்பிள் அறையில் நீள மேசை மேல் துணியை விரித்து வைத்திருந்தோம். சகுபாய் மேசையோரம் நடந்து, ஒவ்வொரு உருவமாகத் தொட்டுக்கொண்டே போனார். இது என் மகளின் கல்யாண ஆட்டம், இது மகள், இது மாப்பிள்ளை, இது என் கொழுந்தன், இவள் என் பக்கத்து வீட்டுக்காரி, சாப்பாடு சரியில்லை என்று குறை சொன்னவள் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் தலையாட்டிக்கொண்டே வந்தார். அடுத்த வரிசையில் விரல் நின்றது. தோளில் குடை மாட்டிய ஓர் உருவம். குடை, ஆள் இரண்டும் தலைகீழ்.

"சம்தி" என்றார் சகுபாய்.

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. அண்ணன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இந்தத் துணியில் தைத்ததைத்தான் அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன்" என்றார் சகுபாய். "மழை இல்லாத நாளிலும் குடை எடுப்பவர். ஊரில் யாராக இருந்தாலும் குடையைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். அவரைத் தலைகீழாக நிறுத்தி அச்சடித்துவிட்டு, என் மகள் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்?"

சரவணக்குமார் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கு எப்போதும் கடைசி வார்த்தை வேண்டும். கம்ப்யூட்டரில் சகுபாயின் மூலப்படத்தைத் திறந்து, திரையைத் திருப்பிக் காட்டினான். "அக்கா, அவங்க படத்தையே பாருங்க. வட்டத்துக்குக் கீழ் பக்கம் இருக்கறவங்க எல்லாம் தலகீழாத்தானுங்க இருக்கறாங்க. அந்தக் குடைக்காரரும் கீழதான் இருக்கறாரு."

உண்மைதான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு இந்தியில் சொன்னேன். சகுபாய் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என் படத்தில் அவர் ஆடிக்கொண்டிருக்கிறார். சுற்றி மேலே வந்ததும் நேராகிவிடுவார். அப்போது நான் கீழே போயிருப்பேன். நீங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டீர்கள். இனி அவர் காலம் முழுக்க இப்படியே நிற்க வேண்டியதுதான்."

சகுபாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இந்தத் துணியில் தன் பெயரைப் போட வேண்டாம், மும்பையில் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அது இன்னும் மோசம். கோபக்காரர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும்.

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறைக்கு வெளியே கூரை உயரத்துக்குத் துணி ரோல்கள் அடுக்கியிருந்தன. ஒரு கையகலத் துண்டுக்குத் துக்கம் கொண்டாடுகிற மனுஷன், அவ்வளவும் மொத்தமாகக் கழிவுக்குப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வாய் அடங்கவில்லை.

"சுத்தோணும், சுத்தோணும்னா துணி எப்படீங்க சுத்தும்? துணிக்குக் காலா இருக்குது? கேளுங்க அம்முணி!"

நான் கேட்டேன். சகுபாய் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். அண்ணனின் முகத்தை அல்ல, வயிற்றை. அண்ணனுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் போட்டு வளர்த்த வயிறு. நல்ல சுற்றளவு. சகுபாய் பையை இறக்கிவிட்டு மேசைக்கு வந்தார், கத்தரிக்கோலை எடுத்தார், ஒரு வரிசையை ஒட்டி நேராகத் துணியை வெட்டிக்கொண்டு போனார்.

அண்ணன் போட்ட சத்தம் அவிநாசிபாளையம் வரை கேட்டிருக்கும்.

சத்தம் அடங்குவதற்குள் அந்தப் பட்டை அவர் இடுப்பைச் சுற்றிவிட்டது. பின்பக்கம் ஒரு ஊசி குத்தி, "சுற்றுங்கள்" என்றார் சகுபாய். அண்ணன் என்னைப் பார்த்தார். நான், "சுத்துங்கண்ணா, வேற வழி?" என்றேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எங்கள் முதலாளி மெல்லச் சுற்றினார். மகள் வந்தாள், மாப்பிள்ளை வந்தார், குறை சொன்ன பக்கத்து வீட்டுக்காரி வந்து போனாள். ரேஷன் கடையில் நின்றவர்கள் மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். தையல் பிரிவில் இருந்து எட்டிப் பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சகுபாய் அடுத்த வரிசையையும் வெட்டினார். அது தலைகீழ் வரிசை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வெட்டிய பட்டையை சகுபாய் ஒரு திருப்புத் திருப்பி, முதல் பட்டைக்குக் கீழே கட்டினார். குடைக்காரர் நேராக நிமிர்ந்து நின்றார்.

"இப்போது சுற்றுங்கள்."

அண்ணன் சுற்றினார். ஒரு சுற்று முடிந்ததும் சட்டென்று நின்றார். மேசையைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"ஏனுங்க அம்முணி," என்றார் நிமிராமலே, "கீழ ஒண்ணுமே விழுகலீங்களே!"

பட்டை பட்டையாக வெட்டினால் துண்டு எங்கிருந்து விழும்? கழுத்து வளைவு இல்லை, கைத் துவாரம் இல்லை. தலைகீழ் வரிசையைத் திருப்பிக்கொண்டால் அதுவும் நேர்வரிசை. டி-சர்ட்டுக்குப் பதில் அடுக்குப் பாவாடை. நான் மும்பைக்கு வீடியோவில் கூப்பிட்டு, இடுப்பில் கல்யாண ஆட்டத்தோடு நின்ற முதலாளியைக் காட்டினேன். அந்தப் பக்கம் ஐந்தாறு பேர் ஓடி வந்து பார்த்தார்கள். இன்னொரு தடவை சுற்றச் சொன்னார்கள். சுற்றினார். பாவாடைக்குச் சம்மதித்தார்கள், ஆனால் கடைசி வார்த்தை சகுபாயுடையது என்றார்கள்.

சாம்பிள் டெய்லர் மோகன்ராஜ் அன்று மாலைக்குள் ஒரு பாவாடை தைத்துவிட்டான். மூன்று அடுக்கு, செம்மண் நிறம், சுருக்கம் அதிகம் இல்லாமல். பட்டையின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் கடைசி ஆளின் கையையும் முதல் ஆளின் கையையும் இம்மி பிசகாமல் பொருத்தியிருந்தான். தையல் எங்கே இருக்கிறது என்று அண்ணனே கண்டுபிடிக்க முடியாமல் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

சகுபாய் அதே இடத்தைக் கண்டுபிடித்து, "இதைப் பிரியுங்கள்" என்றார்.

"என்னுங்க இது, மறுபடியுமா!"

"முதல் ஆளும் கடைசி ஆளும் கை கோக்கக் கூடாது. கோத்துவிட்டால் நேரம் கழித்து வருகிறவர் எங்கே நுழைவார்?" அவர் குடைக்காரரைத் தட்டிக் காட்டினார். "இவரே அன்றைக்கு ஆட்டத்துக்குக் கடைசியில்தான் வந்தார். வரவேற்கும்போது யாரோ இவர் குடையை வாங்கி மூலையில் போட்டுவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்."

நான் சொல்லி முடித்ததும் அண்ணன் பாவாடையைக் கையில் எடுத்து, குடைக்காரரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அப்பறம் எப்படீங்க வந்தாரு? கேளுங்க."

"நான் போய்க் கூப்பிட்டேன்" என்றார் சகுபாய். "வந்தபோது கை கோக்க இடமும் இருந்தது."

அவ்வளவுதான். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. அண்ணன் மோகன்ராஜைக் கூப்பிட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் தையல் சேரும் இடத்தில் படமே இல்லாத செம்மண் நிறத் துணியை நாலு விரல் அகலத்துக்கு வைத்துத் தைக்கச் சொன்னார். மோகன்ராஜ் காதில் விழாதவன்போல நின்றான். "அண்ணா, வெறும் துணிங்களா? எடம் சும்மா கெடக்குமுங்க" என்றான்.

"கெடந்தாக் கெடக்கட்டும். வெய்யி" என்றார் அண்ணன். நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளில் இருந்து அவர் வாயில் கேட்டிராத வார்த்தை. சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் சரவணக்குமாரைத் திட்டினேன்.

சகுபாய் தன் பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, சிரித்த முகமாக ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு கூத்து. தைத்த பாவாடைகள் செக்கிங் போனதும் பாண்டியம்மாள் அத்தனையிலும், அந்த வெற்றிடத்தைக் காட்டி, டேமேஜ் என்று சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கோத்திருந்த கை விட்டுப்போயிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் அவள் வேலை. நான் போய்க் கத்தி எல்லாவற்றையும் உரிக்க வைத்தேன். அண்ணனிடம் சொல்லலாம் என்று அறைக்குப் போனால் நாற்காலி காலி. வெற்றிலை பாக்குத் தட்டு வாங்கிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார்.

குலதெய்வக் கோயிலில் காது குத்து. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டே இல்லை. அண்ணன் வேண்டாம் என்றுவிட்டாராம். சம்பந்தி வெள்ளை வேட்டியில் விறைப்பாக வந்து, குடிதண்ணீர் டிரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் 'வாங்க', 'இருக்கட்டுமுங்க' என்பதற்கு மேல் பேசவில்லை.

தேஜஸ்ரீ தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஊரைக் கூட்டி அழுது, காது குத்திக்கொண்டாள். அழுகை அடங்கியதும் மடியில் இருந்து குதித்து இறங்கி, போட்டிருந்த அடுக்குப் பாவாடையோடு கிறுகிறு என்று சுற்றினாள். முதல் பாவாடை அவளுக்குத்தான். ஆட்டம் மூன்று அடுக்கிலும் சுழன்றது. சுற்றிக்கொண்டே போய், அம்மாவைப் பெற்ற வெள்ளகோவில் அப்புச்சியின் கால் மேல் விழுந்தாள்.

சம்பந்தி அவளைத் தூக்கி நிறுத்தினார். காலம் எல்லாம் துணியோடு கிடந்தவர், பாவாடையைப் பார்க்காமல் விடுவாரா? ஓரத்தைப் பிடித்து நிரடிக்கொண்டே போன விரல் அந்த இடத்தில் நின்றது.

"ஏனுங்க சம்பந்தி," என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "எல்லாரும் கை கோத்திருக்கறாங்க. இந்த எடத்துல மட்டும் ஆளக் காணமே. உங்க செக்கிங்ல கோட்ட விட்டுட்டாங்களா?"

அண்ணன் எழுந்து வந்து அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"விட்டுப்போனது இல்லீங்க. உங்களுக்குன்னு விட்டு வெச்ச எடமுங்க."

சம்பந்தி மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"அது செரீங்க. எந்த வரிசையில? மேலீங்களா, கீழீங்களா?"

அண்ணன் பேத்தியின் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார்.

"எல்லா வரிசையிலும் இருக்குதுங்க. பாருங்க."